9ம் கிளாஸ் பிள்ளைகளுக்கு ரீஜெனரேட்டிவ் ஆர்க்கிடெக்சர் எப்படி எடுக்கது? குமரி மாவட்டத்துல உள்ளவங்க கொஞ்சம் சொல்லுங்க

தக்கலை_டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் தக்கலை பக்கம் ஒரு எய்டட் ஸ்கூல்ல சயின்ஸ் எடுக்கேன், எக்கோ கிளப்பும் என் தலையில தான் கெடக்கு. இந்த டேர்ம் பூரா வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்ல 9ம் கிளாஸுக்கு "ரீஜெனரேட்டிவ் ஆர்க்கிடெக்சரும் சஸ்டெயினபிள் லிவிங்கும்" எடுக்கணுமாம். தலைப்பு குடுத்தாங்களே தவிர வேற ஒண்ணும் தரல்ல. நெட்ல தேடுனா வாறது பூரா பால்கனிக்கு பால்கனி மரம் நிக்கிற டவரு, கண்ணாடி கட்டடம், சிங்கப்பூர், டென்மார்க். அத புரொஜெக்டர்ல ஓட்டுனா பிள்ளைகள் வாயப் பொளந்து பாக்கும், பெல் அடிச்சதும் பஸ் புடிக்க ஓடிரும், அம்புட்டுதான்.

எனக்கு புரிஞ்ச வரைக்கும் சஸ்டெயினபிள்னா கெடுதல குறைச்சு கெட்டுகது, ரீஜெனரேட்டிவ் அதுக்கும் மேல, வீடு வந்த பெறகு அந்த எடத்துல உள்ள மண்ணு, கெணத்துத் தண்ணி, மரம், பூச்சி பொட்டு எல்லாம் முன்ன இருந்தத விட நல்லா ஆயிருக்கணும். கேக்க நல்லா தான் இருக்கு, ஆனா நாலு சென்ட்ல வீடு வச்சிருக்க பிள்ளைட்ட இத எப்படி சொல்லுகது?

இன்னொண்ணு, என் கிளாஸ்ல ரப்பர் பால் வெட்டப் போறவங்க பிள்ளை, கொத்தனார் பிள்ளை, அப்பா கல்ஃப்ல இருக்க பிள்ளை, டாரஸ் லாரி ஓட்டுறவரு பிள்ளை எல்லாம் கலந்து தான் இருக்கு. முக்கால்வாசி வீடு லோன் போட்டு கெட்டுன கான்கிரீட் வீடு. உங்க வீடு தப்பு வீடுன்னு சொல்லுக மாதிரி பாடம் போயிரக் கூடாது. காசும் கெடையாது, பி.டி.ஏல கேட்டா சார்ட் பேப்பர் வாங்கித் தருவாங்க. மரம் வளர்ப்போம்னு சார்ட் எழுதி ஒட்டுக வேலைய நான் நெறைய பாத்தாச்சு, அது வேண்டாம். வேற என்ன செய்யலாம்?

வேளிமலை_காத்து:

டீச்சர் நல்ல கேள்வி. நான் திருவனந்தபுரத்துல ஆர்க்கிடெக்சர் படிச்சவன், இப்போ நாகர்கோவில்ல ஒரு சின்ன ஆபீஸ்ல வேலை.

மொதல்ல அந்த டவர் படத்தையெல்லாம் தூர வைங்க. இந்த சிந்தனை பேஷனுக்கு வந்தது ஒண்ணும் இல்ல, கலிபோர்னியாவுல ஜான் லைல்னு ஒரு லேண்ட்ஸ்கேப் பேராசிரியர் 1990கள்லயே போமோனா யுனிவர்சிட்டில இதுக்குன்னு தனி சென்டரே கெட்டி, பசங்கள அங்கயே தங்க வச்சு, சாப்பாடு, தண்ணி, கழிவு எல்லாம் சுத்தி சுத்தி அந்த எடத்துக்கே திரும்புக மாதிரி செஞ்சு காட்டுனாரு. பெரிய கட்டடம் தான் காட்டணும்னா சியாட்டில்ல 2013ல தொறந்த புல்லிட் சென்டர் ஒண்ணு போதும், ஆறு மாடி, கூரை பூரா சோலார், எப்பவும் மேகம் மூடிக் கெடக்க ஊரு அது, அங்கயே வருஷக் கணக்கு பாத்தா செலவாகுத கரண்ட கூரையே குடுத்துருகு. அத ஒரே ஸ்லைடுல முடிச்சிருங்க. நம்ம ஊர்ல அத விட வெயில் கூடுதல்.

பாடத்த முற்றத்துல இருந்து தொடங்குங்க. பத்து பதினஞ்சு வருஷத்துல நம்ம ஊர்ல நடந்த பெரிய மாற்றம் வீட்டுக்குள்ள இல்ல டீச்சர், வீட்டுக்கு முன்னாடி தான். எல்லா முற்றமும் இன்டர்லாக் கல்லு. கெடக்க எடம் பூரா மூடியாச்சு. மழை பெஞ்சா தண்ணி ரோட்டுக்குப் போவுது, ரோட்டுல இருந்து ஓடைக்கு, ஓடைய அடைச்சிருந்தா பக்கத்து வீட்டுக்குள்ள.

செய்ய வேண்டியது இவ்வளவு தான். பழைய பெயின்ட் டப்பா ஒண்ண ரெண்டு பக்கமும் வெட்டி குழாய் மாதிரி ஆக்கி, மண்ணுல ரெண்டு விரக்கடை அளவு அமத்தி, ஒரு லிட்டர் தண்ணி ஊத்தி, போன்ல ஸ்டாப்வாட்ச் போடணும். தென்னை மூட்டுல சவரு (காஞ்ச எலை தழை) கெடக்க எடத்துல ஒண்ணு, நடந்து நடந்து இறுகிப்போன பாதையில ஒண்ணு, இன்டர்லாக் மேல ஒண்ணு (கல்லு மேல வைக்கும்போ சுத்தி களிமண்ண ஒட்டிருங்க, இல்லேன்னா ஓரமா கசியும்). மூணுக்கும் நேரத்த எழுதச் சொல்லுங்க. தென்ன மூட்டுல டப்பா காலி ஆவும்போ கல்லு மேல தண்ணி அப்படியே நிக்கும், பிள்ளைகள் குத்த வச்சு உக்காந்து அதையே பாத்துட்டு இருக்கும். அந்த பேப்பர்ல உள்ள நம்பர வீட்டுக்கு கொண்டு போற பிள்ளை அப்பாட்ட கேக்கும், "நம்ம முற்றத்துல ஒரு ஓரத்தயாவது மண்ணா விடலாமா"ன்னு. நீங்க யாரு வீட்டையும் குறை சொல்லவே வேண்டாம், டப்பா சொல்லிரும்.

அடுத்து காத்து. ஓட்டு வீட்டுல ஒரு பத்திய கொளுத்தி நடு அறையில வச்சா புகை எங்க போவுதுன்னு தெரியும், மேல ஏறி ஓட்டு இடுக்கு வழியாவும் முகப்பு சுவர்ல உள்ள ஓட்டை வழியாவும் போயிரும். கான்கிரீட் அறையில வென்டிலேட்டர அடைச்சு வச்சிட்டு அதே பத்திய கொளுத்துனா அங்கயே சுத்திட்டு நிக்கும். சூடு காத்து மேல போவும்னு 7ம் கிளாஸ்லயே படிச்சது தான், ஆனா கண்ணால பாக்கும்போ வேற மாதிரி.

உங்களுக்கு தக்கலை, அப்போ பத்மநாபபுரம் கொட்டாரம் (அரண்மனை) கையெட்டுற தூரம். 1795 வரைக்கும் திருவிதாங்கூர் தலைநகரம், இப்பவும் கேரளா தொல்லியல் துறை தான் பாத்துக்கிடுகு. பிள்ளைகள் அங்க பத்து தடவ போயிருக்கும், ராஜா கட்டிலும் வாளும் பாத்துட்டு வந்திருக்கும். இந்த தடவ மந்திரசாலைல (ராஜா ஆலோசனை நடத்துன அறை) நிக்க வச்சு ஜன்னல பாக்கச் சொல்லுங்க, சாய்வா அடிச்ச மரச் சட்டம், கலர் கலரா அப்ரகத் (மைக்கா) தகடு, வெளிச்சம் வருகு ஆனா வெயில் வரல்ல. எறவாரம் எவ்வளவு நீட்டி எறக்கிருக்குன்னு அளக்கச் சொல்லுங்க, தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் ரெண்டும் அடிக்கிற ஊருல சுவரு நனையாம இருக்க அதான் வழி. (அங்க பத்தி கித்தி கொளுத்திராதீங்க, பூரா மரம்!)

கொத்தனார்_மகன்:

வேளிமலை அண்ணன் சொன்னது கொள்ளாம். நான் வேற ஒரு ஓரத்துல இருந்து சொல்லுகேன், எங்க அப்பா கொத்தனாரு, நான் சிவில் டிப்ளமா.

டீச்சர் நீங்க சயின்ஸ் தானே, அப்போ சிமென்ட வச்சே ஒரு கிளாஸ் எடுக்கலாம். சுண்ணாம்புக்கல் CaCO₃, அணு எடை கூட்டுனா 40, 12, 48, மொத்தம் 100. சூளைல சுட்டா CaO ஆவுது, CO₂ வெளிய போவுது, அது 44. அப்போ 100 கிலோ கல்லு சுட்டா 44 கிலோ காத்துல போச்சு, எரிக்கிற கரி கணக்கு தனி. உலகத்துல மனுஷன் விடுக CO₂ல கிட்டத்தட்ட 7, 8 சதவீதம் சிமென்ட்ல இருந்து தான்னு சொன்னா பிள்ளைகள் மறந்துரும், ஆனா அந்த 44அ அதுகளே கணக்கு போட்டு கண்டுபிடிச்சா மறக்காது.

அதுக்கு எதிர்ப்பக்கம் நம்ம சிப்பிச் சுண்ணாம்பு. சுட்ட சிப்பிய தண்ணில போட்டா கொதிச்சு நீறும், அந்த நீத்த சுண்ணாம்ப சுவர்ல அடிச்சா அது காத்துல இருந்து CO₂வ மெல்ல மெல்ல திரும்ப எடுத்துத் தான் இறுகுது, மறுபடியும் CaCO₃. சூளைல போனதுல ஒரு பங்கு சுவருக்கு திரும்பி வருகு. பழைய வீட்டு சுவர்ல கை வச்சா குளுந்து இருக்கும், ஓதம் ஏறுனாலும் மூச்சு விட்டு காஞ்சிரும், சிமென்ட் பூச்சு மேல பெயின்ட் அடிச்ச சுவரு அப்படி இல்ல, உள்ள புடிச்சு வச்சு கொப்புளம் கொப்புளமா உரிஞ்சு வரும். ஒரு வேண்டுகோள், சுண்ணாம்பு நீத்துகத பிள்ளைகள் கையால செய்ய விடாதீங்க, தெறிச்சு கண்ணுல பட்டா பெரிய ஆபத்து, தள்ளி நிக்க வச்சு பெரியவங்க யாராவது செஞ்சு காட்டணும்.

அப்புறம் லாரி பேக்கர்னு ஒரு ஆர்க்கிடெக்ட். பர்மிங்ஹாம்ல பொறந்து 1945ல இந்தியா வந்து, பிற்காலம் பூரா திருவனந்தபுரத்துல இருந்து 2007ல செத்துப் போன மனுஷன். டூர் போக வழி இருந்தா தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல இண்டியன் காஃபி ஹவுஸ்ல பிள்ளைகள கேறச் சொல்லுங்க. சுத்தி சுத்தி மேல போற ஒரே சரிவு, அதுலயே மேசை, சுவர் பூரா ஓட்டை ஓட்டையா செங்கல், ஏசி கெடையாது. பீட்ரூட் போட்ட மசால்தோசை தின்னுட்டே கட்டடத்த பாக்கலாம், இத விட நல்ல கிளாஸ் ரூம் எங்க கெடைக்கும்.

அவரு பரப்புன எலிப்பொறிக் கட்டு இருக்கே, செங்கல படுக்க வைக்காம குத்த வச்சு கெட்டுகது, 9 இஞ்ச் சுவருக்கு நடுவுல 3 இஞ்ச் காலி எடம், செங்கல் கால் பங்கு மிச்சம், அந்த காலி எடம் வெயில உள்ள விடாது. பிள்ளைகள்ட்ட செங்கல் குடுத்து (மண்ணு குழைக்காம சும்மா அடுக்கி) ஒரு மீட்டர் சுவரு சாதாரணமா ஒண்ணு, எலிப்பொறியா ஒண்ணு அடுக்கச் சொல்லி ரெண்டுக்கும் எத்தன செங்கல்னு எண்ணச் சொல்லுங்க, அது போதும்.

ஆனா உள்ளதயும் சொல்லணும். எங்க அப்பாட்ட இந்த கட்டு கேட்டு வந்தவங்க விரல் விட்டு எண்ணிரலாம். நம்ம ஊரு செங்கல் ஒண்ணுக்கு ஒண்ணு சைஸ் ஒத்து வராது, குத்த வச்சு கெட்டும்போ வரி கோணும், கொத்தனாருக்கு நேரம் போவும், கரண்ட் வேலைக்காரன் பைப்பு போட சுவர வெட்ட வந்தான்னா காலி எடத்துல மெஷின் எறங்கும். கட்டுறதுக்கு முந்தியே பைப்பு எங்கன்னு முடிவு செய்யணும், நம்ம ஆளுகளுக்கு அது பழக்கம் இல்ல. இதையும் பிள்ளைகள்ட்ட மறைக்க வேண்டாம், நாளைக்கு இதுல பாதிப் பேரு சைட்டுல தான் நிக்கப் போவுது.

குளச்சல்_கடல்:

எல்லாரும் ஓட்டு வீடு, சுண்ணாம்பு, கொட்டாரம்னு உருகுறீங்க, நான் கொஞ்சம் குறுக்க வாறேன்.

2017 நவம்பர் 30 ஓக்கி புயல் அடிச்சப்போ எங்க பக்கம் ஓடும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் பறந்து போச்சு, ஜனங்க எங்க போய் ஒதுங்குனாங்க? கான்கிரீட் வீட்டுல, பள்ளிக்கூடத்துல, கோயில்ல. 2004 சுனாமிக்கு பெறகு கெட்டிக் குடுத்த காலனியும் கான்கிரீட் தான். அத கெட்ட பொருள்னு கிளாஸ்ல சொன்னா எங்க பக்கத்து பிள்ளை நம்பாது, நம்பவும் கூடாது.

ரெண்டாவது, கொட்டாரம் ராஜாவுக்கு உள்ளது டீச்சர். அதே காலத்துல திருவிதாங்கூர்ல கீழ்ச்சாதின்னு ஒதுக்கி வச்சிருந்த ஜனங்களுக்கு மாடி வச்சு வீடு கெட்ட முடியாது, குடை புடிக்க முடியாது, பொம்பளைங்க மேல்சீலை உடுத்த 1859ல உத்தரவு வாறது வரைக்கும் அடி வாங்குனாங்க. ஓலைப்புரைய "இயற்கையோட இணைஞ்ச வாழ்க்கை"ன்னு இப்போ சொல்லுகது லேசு, அதுக்குள்ள மழைக்கு சட்டி வச்சு ஒழுக்கு புடிச்சவங்களுக்கு மட்டுப்பா (கான்கிரீட் தளம்) போட்ட வீடுன்னா மரியாதை. எங்க பாட்டி கான்கிரீட் போட்ட அன்னைக்கு தெரு பூரா முட்டாய் குடுத்தா. உங்க கிளாஸ்ல அந்த மாதிரி பாட்டி உள்ள பிள்ளைகள் நெறைய இருக்கும், அதனால பழசெல்லாம் நல்லதுன்னு மட்டும் எடுத்துராதீங்க.

நல்லத எடுத்துக்கிடுங்க, வேண்டாம்னு சொல்லல்ல. கான்கிரீட் கூரையே இருக்கட்டும், அதுக்கு மேல வெள்ளை அடிங்க, ஒரு பந்தல் போட்டு பாகக்காயோ கோவக்காயோ ஏத்துங்க, உள்ள சூடு எவ்வளவு குறையுதுன்னு பிள்ளைகள் அளக்கட்டும். ஒரு டிப்ஸ், கொரோனா நேரத்துல வாங்கிப் போட்ட நெத்தி தெர்மாமீட்டர் ஸ்கூல்ல கெடக்கும், அத தூக்கிட்டு மட்டுப்பாக்கு போயிராதீங்க, அது மனுஷ ஒடம்பு சூட்டுக்கு உள்ளது, கான்கிரீட்ல புடிச்சா "ஹை"ன்னு மட்டும் காட்டும். ஒர்க்‌ஷாப்காரங்க வச்சிருக்க சூடு பாக்குற கன் (இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர்) வாங்குங்க, யாராவது ஒரு மெக்கானிக்ட்ட ஒரு நாளைக்கு கேட்டா குடுப்பாங்க.

தக்கலை_டீச்சர்:

ஐயோ நல்லா சொன்னீங்க குளச்சல். நானும் கொட்டாரத்த வச்சே மொத கிளாஸ தொடங்கலாம்னு தான் இருந்தேன், இனி அத கடைசிக்கு தள்ளி, அதுக்கு முந்தி ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுல பாட்டி தாத்தாட்ட "நீங்க சின்னப் பிள்ளையா இருக்கும்போ வீடு எதுல கெட்டுனது, ஏன் மாத்துனீங்க"ன்னு கேட்டு எழுதிட்டு வரச் சொல்லப் போறேன். ஓலையில இருந்து ஓட்டுக்கு, ஓட்டுல இருந்து ஷீட்டுக்கு, பெறகு கான்கிரீட்டுக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருக்குமே.

ஒரு சந்தேகம். எங்க வீட்டு பொருள் எங்கேருந்து வந்துதுன்னு பாக்க ஒரு கிளாஸ் வச்சா கல்லு, எம் சாண்ட்னு வரும், உடனே குவாரி வரும், மலைய உடைச்சு கேரளாவுக்கு கொண்டு போறது வரும். அந்த டாரஸ் டிரைவர் பிள்ளை முன்னால உக்காந்திருக்கும். என்ன செய்யலாம்?

பேச்சிப்பாறை_வெள்ளம்:

டீச்சர், அந்த பிள்ளையத் தான் கிளாஸ்ல எக்ஸ்பர்ட் ஆக்கணும். ஒரு லோடு எங்க ஏறுகு, எத்தன யூனிட்டு, டீசல் எவ்வளவு குடிக்குன்னு அவனுக்கு தெரிஞ்ச அளவு உங்களுக்கும் எனக்கும் தெரியாது. அப்பாட்ட கேட்டு வரட்டும், மத்த பிள்ளைகள் மேப்ல கோடு போடட்டும். செங்கல் ஒரு கோடு, மணல் ஒரு கோடு, கம்பி ஒரு கோடு, டைல்ஸ் ஒரு கோடு (அது குஜராத் மோர்பில இருந்து வந்திருக்கும், பாத்துக்கிடுங்க). யாரு நல்லவன் யாரு கெட்டவன்னு பேச வேண்டாம், மேப்ப பாத்தாலே வீடுங்கது ஒரு எடத்துல நிக்க பொருள் இல்லன்னு தெரியும். எங்கயோ ஒரு மலை குறைஞ்சா தான் இங்க ஒரு வீடு ஏறுகு. இதுல இருந்து தான் அடுத்த கேள்வி, பக்கத்துல கெடைக்கிறது என்னன்னு. மண்ணு இருக்கு, வெட்டுக்கல் இருக்கு, பனை இருக்கு, ரப்பர் மரம் இருக்கு. வயசான ரப்பர வெட்டி விறகுக்கும் பிளைவுட்டுக்கும் அனுப்புகோம், போராக்ஸ் மருந்து ஏத்துனா நல்ல மரச்சாமான் ஆவும், மருந்து ஏத்தாம போட்டா புழு அரிச்சிரும்.

மண்ணுக்கு ஒரு சோதனை இருக்கு, ஊறுகாய் பாட்டில் போதும். பாட்டில்ல பாதி மண்ணு, மீதி தண்ணி, நல்லா குலுக்கி வைங்க. மணல் ஒரு நிமிஷத்துல அடியில இருக்கும், அதுக்கு மேல வண்டல், களி மறுநாள் தான் படியும். ஸ்கேல் வச்சு அளந்தா எது எத்தன பங்குன்னு தெரிஞ்சிரும். ஆரோவில்ல எர்த் இன்ஸ்டிட்யூட்காரங்க சுடாத மண் கட்டிக்கு நல்ல கலவைன்னு சொல்லுகது சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவீதம், அதுல 5 சதவீதம் போல சிமென்ட் சேத்து மெஷின்ல அமத்துவாங்க, சூளை வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் அவன் விளையில உள்ள மண்ண கொண்டு வரட்டும், வகுப்புக்கு ஒரு வரிசை பாட்டில் ஆயிரும், யாரு மண்ணு வீடு கெட்ட ஆவும், யாரு மண்ணு மரச்சீனி நடத் தான் ஆவும்னு சண்டை போடும், நல்லா இருக்கும்.

எனக்கு முக்கியம் கெணறு. கணக்கு ரொம்ப லேசு, ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழைன்னா ஒரு லிட்டர். 1000 சதுர அடி மட்டுப்பா ஏறக்குறைய 93 சதுர மீட்டர், ஒரு நல்ல மழை 10 மில்லிமீட்டர் பெஞ்சா 930 லிட்டர், ரெண்டு சின்ன டேங்க் கிட்ட. நம்ம மாவட்டத்துல வருஷத்துக்கு 1,400 மில்லிமீட்டருக்கு மேல பெய்யும், அப்போ ஒரு கூரையில மட்டும் ஒண்ணே கால் லட்சம் லிட்டருக்கு மேல விழுகு. அவ்வளவையும் ரோட்டுல விட்டுட்டு சித்திரைல டேங்கர் வெள்ளம் வாங்குகோம். 2003லயே தமிழ்நாட்டுல மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு வந்துது, பாதி வீட்டுல பைப்பு இருக்கும், கீழ குழி இருக்காது. உங்க ஸ்கூல் கட்டடத்துலயே பைப்பு எங்க போய் முடியுதுன்னு பிள்ளைகள விட்டு தேடச் சொல்லுங்க, சிரிப்பு வரும்.

திருச்சூர்ல 2008ல மழப்பொலிமான்னு மாவட்ட நிர்வாகமே தொடங்கி கூரைத் தண்ணிய வடிகட்டி நேரா கெணத்துல விட வச்சாங்க. ஒரு டிரம், அதுல ஜல்லி, கரி, மணல், மேல வலை, அவ்வளவுதான் செலவு. சீசன் மொத மழைய மட்டும் வெளிய விடணும், கூரையில உள்ள தூசி, காக்கா எச்சம் எல்லாம் கழுவிப் போவட்டும். கெணத்துப் பக்கமா செப்டிக் டேங்க் இருந்தா அதையும் பாக்கணும், அது வேற கதை. பாத்திரம் கழுவுக தண்ணிய வாழ மூட்டுக்கு திருப்புகது நம்ம அம்மாமாருக்கு யாரும் சொல்லிக் குடுக்கல்ல, புது வீட்டுல சிங்க்ல இருந்து பைப்பு போட்டு செப்டிக்ல சேத்துட்டாங்க, அத எடுத்து விட்டாலே நாலு வாழ நிக்கும்.

வேளிமலை_காத்து:

வெள்ளம் அண்ணாச்சி சொன்ன பைப்பு தேடுகத தான் டீச்சர் மொத கிளாஸா வைக்கணும். ஸ்கூலயே நோயாளியா வச்சு பாருங்க, பிள்ளைகள் டாக்டர். தண்ணி எங்கேருந்து வருகு எங்க போவுது, மத்தியானம் எந்த கிளாஸ் ரூம் சூடு, எந்த மரத்துல எத்தன வகை பறவை. டேர்ம் முடியும்போ ஒரே ஒரு வேலை செஞ்சு முடிச்சா போதும், ஒரு மூலையில இருக்க இன்டர்லாக்க பேத்து எடுத்துட்டு குழி போட்டு கூரைத் தண்ணிய அதுல எறக்குங்க. பேத்த கல்ல வச்சு குழி ஓரம் கெட்டிரலாம்.

கொத்தனார்_மகன்:

எச்.எம் விடுவாரா அண்ணே, போன வருஷம் தான் கல்லு போட்டு எம்.எல்.ஏ வந்து தொறந்து வச்சிருப்பாங்க 😄

தக்கலை_டீச்சர்:

எப்படி கண்டுபிடிச்சீங்க 😄 முன்பக்கம் தொட முடியாது, ஆனா லேப் பின்னால ஒரு ஓரம் இருக்கு, அங்க தண்ணி கெட்டி கொசு வருகுன்னு எச்.எம்மே பொலம்பிட்டு இருக்காரு, கொசுவ சொல்லி அனுமதி வாங்கிருவேன். பெயின்ட் டப்பா சோதனை இந்த வெள்ளிக்கிழமையே. கொட்டாரம் ஒரு திங்கக்கிழமை லோக்கல் லீவு வருகு, அன்னைக்கு கூட்டிட்டு போலாம்னு பாக்கேன்.

குளச்சல்_கடல்:

திங்கக்கிழமை கொட்டாரம் லீவு டீச்சர், கேட்ட பாத்துட்டு திரும்பி வரணும். வேற நாள் பாருங்க.

தக்கலை_டீச்சர்:

நல்ல வேளை சொன்னீங்க. கொத்தனார் மகன், உங்க அப்பா ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து அந்த செங்கல் அடுக்கு ரெண்டையும் பிள்ளைகளுக்கு காட்டித் தருவாரா? சம்பளம் ஸ்டாஃப் எல்லாரும் சேந்து போட்டுருவோம்.

கொத்தனார்_மகன்:

சம்பளம் எல்லாம் வாங்க மாட்டாரு, டீ போதும். ஆனா சைட்டு நடக்கும்போ பாதில எறங்கி வர ஓனர் விட மாட்டாரு. மழை பெய்யுக ஒரு வெள்ளிக்கிழமை காலைல எனக்கு மெசேஜ் போடுங்க டீச்சர், அன்னைக்கு வேலை இருக்காது, ஆளு சும்மா வீட்டுல இருந்து டிவி பாத்துட்டு அம்மாட்ட ஏச்சு வாங்கிட்டு இருப்பாரு, நானே பைக்ல கொண்டு வந்து விடுகேன். செங்கல் மட்டும் நனையாம வராண்டால அடுக்கி வச்சிருங்க.